காக்காய்க் கடிக்கு உடையாத சாக்லேட்

ருசி பார்க்கும் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுக்கச் சொல்லி உங்கள் மேலாளர் மூன்று முறை போன் செய்துவிட்டார். முதல் இரண்டு முறை உடம்பு சரியில்லை என்றேன். உண்மையில் உடம்புக்கு ஒன்றுமில்லை. இந்தத் தொழிலைப் பற்றிப் பேசுவதென்றாலே எனக்கு அலுப்பாக இருக்கிறது. முப்பத்தைந்து வருஷம் சம்பளத்துக்கு இனிப்பு தின்றவன் நான். இப்போது வீட்டில் யாராவது சாக்லேட் பிரித்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன்.

ஆனால் போன வாரம் உங்களில் ஒருவர் போனில் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, உசத்தி சாக்லேட், சாதாரண சாக்லேட், இந்த ரெண்டுல ஜனங்களுக்கு உண்மையிலேயே எது பிடிக்கும்?" என்றார். ஆர்வமாகத்தான் கேட்டார், பாவம். ஏதோ சொல்லி மழுப்பி போனை வைத்துவிட்டேன். அன்று முழுக்க அந்தக் கேள்வி என்னை விடவில்லை. முதன்முதலாக அதை என்னிடம் கேட்டவர் என் முதலாளி. அவருக்கு நான் சொன்ன பதிலால் பன்னிரண்டு பெண்களுக்கு வேலை போயிற்று. அதை மட்டும் எழுதுகிறேன். மற்றதெல்லாம் உங்கள் பயிற்சிப் புத்தகத்திலேயே இருக்கும்.

எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டுக்கும் சிங்கப்பெருமாள் கோயிலுக்கும் இடையில், ரயில் பாதையை ஒட்டி எங்கள் ஃபாக்டரி இருந்தது. ஃபாக்டரி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஓடு போட்ட இரண்டு கூடம், பின்னால் ஒரு குளிர் அறை, அவ்வளவுதான். மின்சாரம் போனால் ஜெனரேட்டரை உதைத்துக் கிளப்ப வேண்டும். பாதி நாள் அது கிளம்பாது.

இரண்டு வகை சாக்லேட் செய்தோம். ஒன்றில் அசல் கோகோ வெண்ணெய் சேரும். நாக்கில் வைத்தால் தானாகக் கரையும், பின்னால் லேசாக ஒரு கசப்பு வரும். இன்னொன்றில் வெண்ணெய்க்குப் பதிலாகக் கெட்டியான தாவரக் கொழுப்பு. அது எந்த வெயிலுக்கும் அசையாது, ஆனால் வாயில் கொஞ்ச நேரம் வைத்து மென்றால்தான் வழிக்கு வரும். பெட்டியின் மேல் அழகான பெயர்கள் அச்சடித்திருந்தாலும் உள்ளே நாங்கள் முதலாவதை வெண்ணெய் என்றும் இரண்டாவதை மெழுகு என்றும்தான் சொல்வோம். முதலாளிக்கு முன்னால் மெழுகு என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு அசடு வழிந்ததும் உண்டு.

மெழுகுக்குக் காகிதம் சுற்ற ஒரு மெஷின் இருந்தது. வெண்ணெயை மெஷினில் விட்டால் நசுங்கிவிடும், கையால்தான் சுற்ற வேண்டும். அதிலும் சூடான கை ஆகாது. குளிர் அறை வேலைக்குப் பெண்களை எடுக்கும்போது உள்ளங்கையில் ஒரு துண்டு வெண்ணெயை வைத்து இருபதுவரை எண்ணுவோம். கையில் ஒட்டாவிட்டால் வேலை உண்டு. அப்படித் தேறியவர்கள் ஏழு பேர்.

அவர்களில் மூத்தவள் கஸ்தூரி. முப்பது வயதிருக்கும். புருஷனுக்குப் பார்வை மங்கி வேலைக்குப் போக முடியாமல் ஆகியிருந்தது. மூன்று பிள்ளைகள். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஆனால் அதைச் சொல்லி அவள் யாரிடமும் இரக்கம் கேட்டு நான் பார்த்ததில்லை. நக்கல் அதிகம். நான் வாயைக் கொப்புளித்துக்கொண்டு ருசி பார்க்க உட்காரும்போதெல்லாம், "சார் பூஜைக்கு குந்திட்டாரு, எல்லாம் கம்னு இருங்கடி" என்பாள்.

ஒரு தை மாதம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, குளிர் அறை வாசலிலேயே நின்றுகொண்டு பேசினார். நல்ல மனிதர், ஆனால் குரலைக் குறைத்துப் பேசத் தெரியாது.

"என்னப்பா, இந்த ரூமுக்கு ஆகுற செலவு தாங்கல. ஒண்ணு வெண்ணெய எல்லாக் கடைக்கும் போட்டுப் பெரிசா பண்ணணும், இல்ல ரூமை இழுத்து மூடணும். நீ பத்து நாள் சுத்திட்டு வா. ஜனங்க எதைக் கேக்கறாங்கன்னு எழுதிக் குடு. நீ எழுதறதுதான் முடிவு" என்றார்.

உள்ளே ஏழு பேரும் கையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறை மூடினால் அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. என் நாக்கை நம்பி ஒரு முதலாளி முடிவெடுக்கிறார் என்பதில் வெட்கமில்லாமல் பெருமைப்பட்டேன்.

முதலில் கல்பாக்கம் போனேன். அணுசக்தி வேலைக்காகப் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த குடியிருப்பு. எல்லா ஊரிலிருந்தும் எஞ்சினியர் குடும்பங்கள் வந்திருந்தன. ஒரு வீட்டுக் கூடத்தில் பத்துப் பெண்கள் கூடினார்கள். மின்விசிறி ஓடியது. தட்டில் துண்டு போட்டு இரண்டையும் கொடுத்தேன். திருநெல்வேலிப் பக்கத்து அம்மா ஒருவர் வெண்ணெயை வாயில் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டார்.

"இதுல்லா சாக்லேட்! அப்படியே ஃபாரின்."

"நீங்க ஃபாரின் சாக்லேட் சாப்பிட்டிருக்கீங்களாம்மா?"

"எங்க கொழுந்தன் லண்டன்லதான இருக்காவ."

"அனுப்புவாரா?"

"லெட்டர் போடுவாவ."

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் படிவத்தில் எல்லாரும் வெண்ணெய்க்குத்தான் போட்டார்கள். மெழுகைப் பற்றிக் கேட்டதற்கு, அதெல்லாம் வேலைக்காரி பிள்ளைக்கு வாங்குவது என்று ஒருவர் சொன்னார். அந்தத் தட்டில் மெழுகுத் துண்டுகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

மாமல்லபுரத்தில் டீக்கடை பெஞ்சில் தாடி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர் கிடைத்தார். அவர் ஊரில் சாக்லேட் பெரிய விஷயமாயிற்றே என்று ஆசையாக நீட்டினேன். வெண்ணெயைத் தின்றுவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். மெழுகைத் தின்றுவிட்டு இன்னும் இரண்டு கேட்டு, டீயில் முக்கித் தின்றார். ஏன் என்றேன். முதலாவது எங்கள் ஊரிலேயே கிடைக்கும், இது கிடைக்காது என்றார். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் அவரைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

செங்கல்பட்டு பஜாரில் காதர் பாய் என்று வயதான ஒரு கடைக்காரர். பிஸ்கட், மிட்டாய், சென்ட், பவுடர் எல்லாம் விற்பார். தம்பி சிங்கப்பூரில் இருந்ததால் எங்கள் எல்லாரையும்விட அதிகமாக வெளிநாட்டுச் சாக்லேட் தின்றவர் அவர்தான். வெண்ணெயை வாயில் ஒதுக்கி முழுக்கக் கரையவிட்டார்.

"ருசில ஒண்ணும் கொற சொல்ல முடியாது தம்பி. ஆனா இத்த துன்னணும்னா ஃபேனுக்குக் கீய குந்திகினு, பொறுமையா, ஒண்டியா துன்னணும். என் கடைக்கு வர்றவன் அப்டியா துன்றான்?"

அதையும் ஒரு கிழவரின் பேச்சாக எடுத்துக்கொண்டேன்.

ஆறாவது நாள் நான் ஃபாக்டரிக்குத் திரும்பியிருந்தபோது, சாப்பாட்டு வேளையில் கஸ்தூரி என்னிடம் வந்தாள். வழக்கமான நக்கல் இல்லை. சனிக்கிழமைதோறும் உடைசல் வெண்ணெயைப் பெண்களுக்குக் கொடுத்தனுப்புவது வழக்கம். அதைப் பற்றித்தான் பேசினாள்.

"சார், ஒண்ணு சொல்றேன், எழுதிக்கோ. இத்த வூட்டுக்கு எட்த்துகினு போனா சண்டதான் வர்து. எம் புள்ளிங்க மூணும் காக்கா கடி கடிக்கப் பாத்துதுங்க. ஒடையவே மாட்டன்துது. சட்டைல பூரா அப்பிகிச்சு. இஸ்கூலு சட்ட சார் அது. பெரியவன் சின்னத அட்ச்சிட்டான்."

காக்காய்க் கடி உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு மிட்டாயை இரண்டு மூன்று பேர் பங்கு போட வேண்டுமென்றால் சட்டை நுனியை அதன் மேல் போட்டு மூடி, துணியோடு சேர்த்துப் பல்லால் கடித்து உடைப்பது. எச்சில் படாது. மெழுகை அப்படிக் கடித்தால் டக்கென்று இரண்டாகும். வெண்ணெய் உடம்புச் சூட்டுக்கே இளகும். அதன் பெருமையே அதுதான்.

"இத்த ஒண்டியா துன்றவங்களுக்கோசரம் செஞ்சிகீறாங்க சார். எங்க வூட்ல எத்தயும் யாரும் ஒண்டியா துன்ன மாட்டாங்க" என்றாள் கஸ்தூரி.

"இதை எழுதினா ரூமை மூடிடுவாரும்மா. உன் வேலைதான் போகும்" என்றேன்.

"வேல போனா போவட்டும்னு சொல்லல சார். மூணு புள்ளிங்கள வெச்சிகினு அப்டி சொல்லுவனா? ஆனா மொதலாளி தெர்ஞ்சிகினு இன்னா வோணா செய்யட்டும். தெர்யாம செஞ்சாருன்னா அல்லாருக்கும் பேஜாரு. நீ எழுது."

"சரி, எழுதறேன்" என்றேன்.

சரிபார்க்கலாம் என்று மறுநாள் திரும்பவும் மாமல்லபுரம் போனேன். பஸ் நிற்கும் இடத்தில் ஒரு பெட்டிக்கடை. பள்ளிக்கூடம் விட்டு நாலு சிறுமிகள் வந்தார்கள். ஒரு வெண்ணெயைப் பிரித்துக் கொடுத்தேன். மூத்தவள் யோசிக்கவே இல்லை. பாவாடை நுனியை மேலே போட்டாள், கடித்தாள். கஸ்தூரி சொன்னது அப்படியே நடந்தது. துணியெல்லாம் பழுப்பு. நாலு பேரும் மாறி மாறிப் பாவாடையை நக்கினார்கள். பாவாடைக்காரி அழ ஆரம்பித்துவிட்டாள், வீட்டில் அடி விழுமே என்று. சமாதானத்துக்கு ஒரு மெழுகைக் கொடுத்தேன். மூன்று கடியில் நாலாக்கிப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

"எது ருசி?" என்று கேட்டேன்.

"மொதல்ல குட்த்தியே, அது."

"இன்னொண்ணு தர்றேன். எது வேணும்?"

"இது" என்று நாலு பேரும் மெழுகைக் காட்டினார்கள்.

அன்று அந்த இடத்தில் எனக்கு விடை கிடைத்துவிட்டது. எது ருசி என்பது ஒரு கேள்வி, எது வேண்டும் என்பது வேறு கேள்வி. நாக்கு முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்லும். இது புரிந்துதான் பஸ் ஏறினேன். புரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

படிவத்தில் நிறம், மணம், இனிப்பு, கசப்பு, கரையும் விதம் என்று கட்டங்கள். கடைசியில் எது அதிகம் பிடித்தது. அதற்குக் கீழே, வேறு குறிப்பு என்று நாலு வரி இடம். கட்டங்களை நிரப்பினேன். எல்லாவற்றிலும் வெண்ணெய்தான் ஜெயித்தது, பொய்யே இல்லை. பிறகு அந்த நாலு வரிக்கு வந்தேன். பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எழுதினால் மூடிவிடுவார். ஏழு பேர் போவார்கள். அதைத்தான் காரணமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னொரு காரணமும் இருந்தது, அதை ஒப்புக்கொள்ள எனக்கு வெகு காலம் பிடித்தது. எனக்கு வெண்ணெய் பிடிக்கும். மெழுகைத் தின்று தின்று வாய் செத்துப் போயிருந்தவன் நான். நல்ல சாக்லேட் ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பாவாடையை நக்கிய நாலு குழந்தைகளுக்காக அதைத் தோற்கடிக்க மனம் வரவில்லை. நாலு வரியையும் காலியாக விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

முதலாளி படித்துவிட்டு என் முதுகில் தட்டினார். வெண்ணெயைப் பெரிய கட்டிகளாக வார்க்கப் புது அச்சுகள் வந்தன. உள்ளங்கையில் வெண்ணெய் வைத்து எண்ணி இன்னும் ஐந்து பெண்களை எடுத்தோம். கஸ்தூரியை அந்த அறைக்கு மேஸ்திரி ஆக்கினார்கள். அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள், ஆனால் ஒரு நாள் என்னைப் பார்த்து, "மொதலாளி அத்தயும் படிச்சிட்டுத்தான் செய்யறாரா சார்?" என்றாள். நான் தலையாட்டினேனா, தும்மினேனா, இப்போது நினைவில்லை. அவள் மேலே கேட்கவில்லை.

செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மதுராந்தகம், மாமல்லபுரம் என்று எல்லாக் கடைக்கும் போட்டோம். மாசி முழுக்க நன்றாகவே போயிற்று. எல்லாரும் ஒரு தடவை வாங்கிப் பார்த்தார்கள். இரண்டாம் தடவை யாரும் வரவில்லை. பங்குனி வெயில் ஏறியதும் கடையில் இருந்ததெல்லாம் பகலில் இளகி, ராத்திரி இறுகி, மேலே வெள்ளை படர்ந்துவிட்டது. தின்றால் கெடுதலில்லை. ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது பூஞ்சணம்தான்.

காதர் பாய் தானே ரிக்‌ஷாவில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஃபாக்டரிக்கு வந்தார். கோபமாக வந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் வருத்தமாக வந்தார்.

"வெள்ள பூத்தத வுடு தம்பி, அத்த தொட்ச்சி வித்துடுவேன். ஒருத்தன் வாங்கிகினு போறான், வூட்ல நாலு பேருக்கு பிச்சி குட்க்க முடியல. துணில கற, கைல பிசுக்கு. அம்மாக்காரிங்க என் கடைல வந்து கத்தறாங்க. இதெல்லாம் யாரும் பாக்கலியா?"

முதலாளி பக்கத்தில்தான் நின்றார். ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"யாராவது ஒருத்தன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா பாய்? பெரிய கட்டியா ஏன் போட்டிருக்கப் போறேன்? ஒரு வாய் அளவுக்குக் குட்டிக் குட்டியா போட்டு, தனித்தனியா சுத்தியிருப்பேன். ஆளுக்கு ஒண்ணு, பங்கே போட வேணாம். வெயிலுக்கு நிறுத்திட்டு ஐப்பசில திரும்ப ஆரம்பிச்சிருப்பேன். சுத்தறதுக்கு இன்னும் பத்துப் பொண்ணுங்கள எடுத்திருப்பேனே" என்றார்.

அவருக்குப் படிவத்தில் நாலு வரி இடம் இருந்தது நினைவில்லை. எனக்கு இருந்தது. அறையை மூடிவிடுவார் என்று பயந்து நான் மறைத்ததுதான் அந்த அறையை மூடியது. அந்த வயதில் இவ்வளவு பெரிய முட்டாள்தனத்தை யாரும் செய்திருக்க மாட்டார்கள். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இதற்குள் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். உசத்தியான சாக்லேட் ருசியானதுதான். அதில் சந்தேகம் வேண்டாம். உங்களிடம் வந்து கருத்துச் சொல்கிறவர்களும் பொய் சொல்ல மாட்டார்கள். ஆனால் தட்டில் வைத்துக் கொடுத்ததைத் தின்று சொன்னது ஒன்று, வீட்டுக்குக் கொண்டுபோய்த் தின்றது வேறொன்று. அதைப் பார்த்தவன் எழுதிவிட வேண்டும். எழுதினால் யாருக்கு நல்லது, யாருக்குக் கெட்டது என்று நாமே தீர்மானிக்கத் தொடங்கினால் நம் வேலை முடிந்தது. உங்கள் கம்ப்யூட்டரிலும் வேறு குறிப்பு என்று ஓர் இடம் இருக்கிறதாம். அதை யாரும் நிரப்புவதில்லை என்றும் கேள்விப்பட்டேன்.

அறையை மூடியது சித்திரை முதல் வாரத்தில். பன்னிரண்டு பெண்களும் திரும்பி வந்த பெட்டிகளைப் பிரித்து, வெள்ளை படர்ந்த வெண்ணெயை உருக்குகிற அண்டாவில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதை மெழுகோடு கலந்து தீர்த்துவிடச் சொல்லியிருந்தார் முதலாளி. அந்த வேலை முடிந்ததும் அவர்கள் கை கழுவிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். நான் கதவோரமாக நின்றிருந்தேன். பார்க்காமல் போய்விடலாம் என்றுதான் இருந்தேன், கால் வரவில்லை.

கஸ்தூரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அழுதிருக்கவில்லை. மற்றவர்கள் அவளுக்குப் பின்னால் வந்து நின்றார்கள்.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் சொன்னத நீ எழுதித்தான குட்த்த?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பன்னிரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எழுதினேன்மா" என்றேன்.

அவள் பெருமூச்சு விட்டாள். பின்னால் திரும்பி, "கேட்டுகினீங்களாடி? சார் எழுதித்தான் குட்த்துகீறாரு. மொதலாளிதான் கேக்கல. சார தப்பா பேசனீங்களே" என்றாள். பிறகு என்னிடம், "மன்ச்சுக்கோ சார், நானும் சந்தேகப்பட்டுட்டேன்" என்றாள்.

ஒவ்வொருத்தியாக என்னைத் தாண்டிப் போனார்கள். "வரோம் சார்" என்று பன்னிரண்டு பேரும் சொன்னார்கள். பன்னிரண்டு பேருக்கும் நான் தலையாட்டினேன்.